சொந்த லேத்தில் வெட்டிய இசை: டெட் மூன் குழுவின் வாழ்வும் கணக்கும்

1988இல் அமெரிக்காவில் குறுந்தகடுகளின் விற்பனை எண்ணிக்கை எல்.பி. இசைத்தட்டுகளை முந்தியது. இசைத்தட்டின் காலம் முடிந்துவிட்டது என்று இசைத் தொழிலில் இருந்த பலரும் நம்பினார்கள். அதே ஆண்டில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரை ஒட்டிய கிளாக்கமஸ் என்ற ஊரில், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு தம்பதி தங்கள் புதிய குழுவின் முதல் எல்.பி.யை வீட்டிலேயே வெட்டினார்கள். ஒலியைத் தட்டில் கோடாக வெட்டும் இயந்திரமான லேத், 1954ஆம் ஆண்டின் ப்ரெஸ்டோ-88. அதில் மோனோ ஒலியை மட்டுமே வெட்ட முடியும். மோனோ எல்.பி.க்கள் அமெரிக்கக் கடைகளிலிருந்து மறைந்து ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. சந்தை இரண்டு முறை கழித்துக்கட்டிய தொழில்நுட்பத்தில் அந்தத் தட்டு பிறந்தது. அதன் பெயர் 'இன் தி கிரேவ்யார்ட்', குழுவின் பெயர் டெட் மூன்.

ஃபிரெட் கோல் கிட்டார், அவர் மனைவி டூடி கோல் பேஸ், ஆண்ட்ரூ லூமிஸ் டிரம்ஸ். இந்த மூவர் 1987 முதல் 2006 வரை இடைவிடாமல் இயங்கி 10 ஸ்டூடியோ ஆல்பங்களை வெளியிட்டார்கள். அமெரிக்க வானொலியில் இவர்களின் பாட்டு பிரபலமானதில்லை. பெரிய நிறுவனம் எதுவும் இவர்களைத் தூக்கிவிடவில்லை. ஆனாலும் குழு நீடித்தது, ஐரோப்பா முழுக்க அரங்குகளை நிறைத்தது. தங்களைவிடப் பல மடங்கு புகழ்பெற்ற இசைக்கலைஞர்களின் மரியாதையையும் பெற்றது.

டெட் மூனைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அதைப் பிடிவாதத்தின் கதையாகவே சொல்கிறார்கள்: விலைபோகாத கலைஞர்கள், வளைந்துகொடுக்காத முதுகெலும்பு. அதில் உண்மை உண்டு. ஆனால் பிடிவாதம் மட்டும் இருந்த குழுக்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் கலைந்துபோனதே ராக் இசையின் வழக்கமான வரலாறு. டெட் மூன் நிலைத்ததற்குக் காரணம் தேட வேண்டுமானால், யார் கையில் எந்தக் கருவி இருந்தது, வீட்டுச் செலவு எதிலிருந்து வந்தது, ஊர் விட்டு ஊர் போனபோது யார் சோறு போட்டார்கள் என்ற கேள்விகளைக் கேட்க வேண்டும்.

கார் கொட்டகையில் பிறந்த ராக்

1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய பிறகு, அந்நாட்டின் ஊர்தோறும் பதின்வயதுப் பையன்கள் கிட்டார் வாங்கினார்கள். மூன்று நான்கு கார்டுகள் தெரிந்தால் குழு தயார். வீட்டின் கார் கொட்டகையே பயிற்சிக்கூடம். ஊர்ப் பள்ளி நடன நிகழ்ச்சிகளில் வாசித்து, ஒன்றிரண்டு சிறு தட்டுகள் வெளியிட்டு, கல்லூரிக்கோ ராணுவத்துக்கோ போய்ச் சேர்ந்தார்கள். கரடுமுரடான ஒலி, அலறல், மூச்சுமுட்டும் வேகம், பிழைகளைத் திருத்தாத பதிவு ஆகியவை இந்த இசையின் அடையாளம். 1972இல் லென்னி கே தொகுத்து எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்ட 'நக்கெட்ஸ்' என்ற இரட்டை எல்.பி. சிதறிக் கிடந்த இந்தப் பதிவுகளை ஒரு மரபாகத் திரட்டிக் காட்டியது. கேரேஜ் ராக் என்ற பெயரும் பிற்பாடுதான் நிலைபெற்றது.

அமெரிக்காவின் வடமேற்கு மூலைக்கு இந்த மரபில் தனியிடம் உண்டு. பீட்டில்ஸ் வருவதற்கு முன்பே அங்கே இந்த இசை இருந்தது. டகோமா நகரின் வேலர்ஸ் குழுவினர் 1961இல் எட்டிகெட் ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதே ஊரின் சோனிக்ஸ் குழுவுடைய முதல் எல்.பி.யை 1965இல் வெளியிட்டதும் அந்த நிறுவனமே. கலைஞர்களே நடத்தும் ஒலிப்பதிவு நிறுவனம் பங்க் இசை கண்டுபிடித்த ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். வடமேற்கில் அது பங்குக்குப் பதினைந்து ஆண்டு மூத்தது.

1963 ஏப்ரலில் போர்ட்லாந்தின் ஒரு சிறிய ஸ்டூடியோவில் கிங்ஸ்மென் குழு 'லூயி லூயி' பாடலைப் பதிவுசெய்தது. மைக் உயரத்தில் தொங்கியதால் பாடகர் ஜாக் ஈலி அண்ணாந்து கத்த வேண்டியிருந்தது. ஓரிடத்தில் அவர் முன்கூட்டியே பாடத் தொடங்கி, தவறை உணர்ந்து நிறுத்துவதும் பதிவாகியிருக்கிறது. யாரும் அதைத் திருத்தவில்லை. அந்தத் தட்டு பில்போர்ட் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. சொற்கள் புரியாததால் அவற்றில் ஆபாசம் ஒளிந்திருப்பதாகப் பெற்றோர் புகார் செய்தார்கள். எஃப்.பி.ஐ. விசாரித்தது. எந்த வேகத்தில் ஓட்டிக் கேட்டும் ஒன்றும் விளங்காமல் கோப்பை மூடியது. கோல் தம்பதியின் கைக்கு வந்த ப்ரெஸ்டோ லேத், இந்தப் பாட்டின் தட்டை வெட்டிய அதே லேத் என்பது போர்ட்லாந்து இசை வட்டாரத்தில் நெடுநாளாகச் சொல்லப்படும் செய்தி.

நிறுவனம் கற்பித்த பாடம்

ஃபிரெட் கோல் 1948 ஆகஸ்ட் 28 அன்று டகோமாவில் பிறந்து லாஸ் வேகஸில் வளர்ந்தார். பள்ளி வயதிலேயே பாடத் தொடங்கினார். 'டீப் சோல் கோல்' என்ற பெயரில் தட்டும் வெளியிட்டார். பிறகு 'தி வீட்ஸ்' என்ற குழு. 1966இல் வியட்நாம் போருக்கான கட்டாய ராணுவச் சேர்க்கையிலிருந்து தப்பிக் கனடா போய்விடலாம் என்று குழுவினர் வண்டியேறினார்கள். போர்ட்லாந்தில் பெட்ரோலும் காசும் தீர்ந்தன. அங்கிருந்த 'ஃபோக் சிங்கர்' என்ற கிளப்பில் வாசிக்க வாய்ப்புக் கேட்டுப் போனபோது அங்கே வேலை செய்துகொண்டிருந்த டூடியைச் சந்தித்தார் ஃபிரெட். 1967இல் திருமணம்.

அடுத்து வந்தது பெரிய வாய்ப்பு. 'சீட்ஸ்' குழுவின் மேலாளரான டிம் ஹட்சன் இவர்களைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். தம்மை 'லார்ட்' என்று அழைத்துக்கொண்ட ஆங்கிலேயர் அவர். டிஸ்னியின் 'ஜங்கிள் புக்' படத்தில் கழுகுகளில் ஒன்றுக்குக் குரல் கொடுத்தவர். கிரிக்கெட் ரசிகர்கள் அவரை வேறு விதமாக அறிவார்கள்: 1980களின் நடுவில் இயன் போத்தமுக்கு மேலாளராக இருந்து, பத்திரிகைகளிடம் வாயைக் கொடுத்து வேலையிழந்தவரும் இவர்தான். அவர் 'வீட்ஸ்' என்ற பெயரை 'தி லாலிபாப் ஷாப்' என்று மாற்றினார். மிட்டாய்ப் பாட்டுகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. போருக்கு அஞ்சி ஓடிவந்து, பசியோடு கிளப்புகளில் கத்திக்கொண்டிருந்த இளைஞர்களுக்குக் குச்சிமிட்டாய்க் கடையின் பெயர். குழுவினருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் முடிவு அவர்கள் கையில் இல்லை.

1968இல் யூனி ரெக்கார்ட்ஸ் 'ஜஸ்ட் கலர்' என்ற எல்.பி.யை வெளியிட்டது. 'யூ மஸ்ட் பி எ விட்ச்' என்ற பாடலில் கிட்டார் சீறுகிறது. இருபது வயது நிரம்பாத ஃபிரெட்டின் குரல் கிழிந்து மேலேறுகிறது. இன்று கேட்டாலும் அந்தப் பாட்டு பழசாகத் தோன்றாது. அன்று அது விற்கவில்லை. குழு கலைந்தது. 30 ஆண்டு கழித்து, 1998இல் ரைனோ நிறுவனம் நக்கெட்ஸ் தொகுப்பை நான்கு குறுந்தகடுகளாக விரித்தபோது அந்தப் பாட்டு அதில் இடம்பெற்றது.

ஃபிரெட்டின் பிற்கால முடிவுகள் ஒவ்வொன்றின் பின்னாலும் இந்த 1968 நிற்கிறது. பெயர், தோற்றம், வெளியீட்டு நாள் எல்லாவற்றையும் மற்றவர் முடிவுசெய்தால் என்ன ஆகும் என்பதை அவர் இருபது வயதுக்குள் கற்றுவிட்டார். சுயாதீனத்தை அவர் கொள்கை நூல்களில் படித்துத் தேர்ந்துகொள்ளவில்லை. பங்க் இசை அதை முழக்கமாக்குவதற்கு ஒன்பது ஆண்டுக்கு முன்பே அவருக்கு அது பட்டறிவாக இருந்தது.

கடையும் நிலமும்

1970களின் தொடக்கத்தில் ஃபிரெட்டும் டூடியும் குழந்தைகளோடு கனடாவின் வடக்கே யூகான் பகுதிக்குப் போய் காட்டு நிலத்தில் குடியேறிப் பார்த்தார்கள். அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. ஆனால் கையால் வீடு கட்டவும், இருப்பதை வைத்துச் சமாளிக்கவும் பழகித் திரும்பினார்கள். போர்ட்லாந்தில் 'கேப்டன் விஸீகிள்ஸ்' என்ற இசைக்கருவிக் கடையைத் தொடங்கினார்கள். பிற்பாடு கிளாக்கமஸில் நிலம் வாங்கி வீட்டைத் தாங்களே கட்டினார்கள். கடையும் அங்கே 'டூம்ஸ்டோன் மியூசிக்' என்ற பெயரில் தொடர்ந்தது.

கடையை ஒரு பக்கக் குறிப்பாகக் கடந்துபோவது டெட் மூன் வரலாற்றை எழுதுபவர்கள் செய்யும் பெரிய தவறு. ராக் குழுக்கள் எங்கே உடைகின்றன என்று பார்த்தால் இது விளங்கும். ஒரு ஆல்பம் தோற்றால் நிறுவனம் முன்பணத்தை நிறுத்துகிறது. வாடகை கட்ட வழியில்லாமல் உறுப்பினர்கள் வேறு வேலைக்குப் போகிறார்கள், குழு சிதறுகிறது. கோல் தம்பதிக்கு மூன்று குழந்தைகள் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது எந்தப் பாட்டும் வெற்றி பெறுவதைப் பொறுத்து இருக்கவில்லை. அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தது கடை. ஆம்ப், கிட்டார், கம்பி, உதிரிப்பாகம் எல்லாம் அடக்க விலையில் கைக்குக் கிடைத்ததும், ஊரின் இளம் இசைக்காரர்கள் கடைக்கு வந்துபோனதும் கூடுதல் லாபம்.

பாட்டும் நிற்கவில்லை. 1975இல் 'ஸிப்பர்' என்ற ஹார்ட் ராக் குழுவின் எல்.பி.யைக் கடையின் பெயரிலேயே தொடங்கிய விஸீகிள் லேபிளில் ஃபிரெட் வெளியிட்டார். பங்க் அலை வந்தபோது தன்னைவிடப் பத்து வயது இளையவர்களோடு சேர்ந்து அதில் இறங்கினார். முப்பது வயதை எட்டியிருந்த டூடி அப்போதுதான் பேஸ் கற்றுக்கொண்டார். இருவரும் இருந்த 'தி ராட்ஸ்' குழு 1980, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் மூன்று எல்.பி.க்களைச் சொந்தமாக வெளியிட்டது. பிறகு 'ரேஞ்ச் ராட்ஸ்' என்ற பெயரில் நாட்டுப்புறச் சாயலுள்ள கன்ட்ரி இசையையும் முயன்றார்கள். 1987இல் இவை எல்லாவற்றையும் உதறிவிட்டு, ஃபிரெட் தன் பதின்வயதில் வாசித்த கேரேஜ் ராக்குக்கே திரும்பினார். டிரம்ஸுக்கு வந்த ஆண்ட்ரூ லூமிஸ் கோல் தம்பதியைவிடப் பத்தாண்டுக்கும் மேல் இளையவர்.

லேத்தின் வேலை

தட்டு வெட்டுவது என்றால் என்ன என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். வழவழப்பான அலுமினியத் தகட்டின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் அரக்குப் பூச்சு பூசப்பட்டிருக்கும். அதை லேத்தின் சுழல்மேடையில் வைத்துச் சுழல விடுவார்கள். டேப்பிலிருந்து வரும் ஒலி, வெட்டுத் தலையில் பொருத்திய கூரான ஊசியை இடவலமாக அசைக்கிறது. ஊசி வெளி விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி ஒரே சுருள் கோடாக அரக்கைக் கீறிக்கொண்டே போகிறது. வெட்டுப்பட்ட அரக்கு முடியைவிட மெல்லிய இழையாக எழும்பும். அதை உடனுக்குடன் அகற்ற வேண்டும். ஊசியில் சிக்கினால் தட்டு பாழ். எளிதில் தீப்பற்றும் என்பதால் குவித்து வைப்பதும் ஆபத்து.

ஒலி கூடினால் கோடு அகலமாக அசையும். அளவு மீறினால் பக்கத்துக் கோட்டை வெட்டிவிடும். புதிய லேத்கள் ஒலியை முன்கூட்டியே உணர்ந்து கோடுகளின் இடைவெளியைத் தாமே மாற்றிக்கொள்ளும். பழைய வகை லேத்தில் அந்தக் கணக்கு வெட்டுபவரின் காதிலும் கையிலும்தான் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம். பதினெட்டாவது நிமிடத்தில் பிசகினால் புதுத் தகட்டை எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்படி வெட்டிய அரக்குத் தட்டு ஆலைக்குப் போகும். அங்கே அதற்கு வெள்ளி முலாமும் அதன்மேல் நிக்கல் முலாமும் ஏற்றி அச்சு எடுப்பார்கள். அந்த அச்சில் வினைல் தட்டுகள் அழுத்தப்படும்.

ஃபிரெட் இந்த முதல் கட்டத்தைத் தன் வீட்டுக்குள் கொண்டுவந்தார். இதன் பலன்கள் இரண்டு. முதலாவது கணக்கு: வெளி ஸ்டூடியோவுக்குக் கொடுக்க வேண்டிய கூலி மிச்சம், யாருடைய முறைக்கும் காத்திருக்க வேண்டாம். 1988 முதல் 1992 வரை ஆண்டுக்கு ஒன்று வீதம் ஐந்து ஸ்டூடியோ ஆல்பங்கள் வெளிவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். டூம்ஸ்டோன் ரெக்கார்ட்ஸ் என்பது அவர்களுடைய லேபிள். உறைகளின் கறுப்பு வெள்ளைத் தோற்றமும், பிறைக்குள் மண்டையோட்டு முகம் கொண்ட குழுச் சின்னமும் அவர்கள் கைவண்ணமே.

இரண்டாவது பலன் ஒலி. ஸ்டீரியோவில் கிட்டார் இடப்பக்கம், பேஸ் வலப்பக்கம் என்று விலக்கி வைத்துத் தெளிவு காட்டலாம். மோனோவில் எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும். டெட் மூன் தட்டில் டூடியின் பேஸும் ஆண்ட்ரூவின் டிரம்ஸும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே சுவராகின்றன. ஃபிரெட்டின் உச்சஸ்தாயிக் குரல் அதைக் கிழித்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. அந்தப் போராட்டம்தான் இந்தப் பாட்டுகளின் உயிர். சாவு, நிலா, இரவு, தனிமை என்று பாடல்களின் பொருள் இருண்டது. ஆனால் அடியில் ஓடுவது பெரும்பாலும் காதலும் விசுவாசமும். கருவியின் குறைபாட்டைக் குறையாகக் கருதாமல், அதற்கேற்பப் பாட்டு அமைத்ததில் ஃபிரெட்டின் திறமை தெரிகிறது. மோனோவின் நெருக்கடியில் சிக்கலான ஒழுங்கமைப்புகள் குழம்பிப்போகும். மூன்று கருவி, நேரடியான மெட்டு, மூன்று நிமிடப் பாட்டு என்றால் தாங்கும்.

மூவர் மேடை

நிகழ்ச்சி தொடங்கும்போது டிரம்ஸ்மேல் ஒரு காலி ஜாக் டேனியல்ஸ் விஸ்கி பாட்டில் இருக்கும். அதன் வாயில் செருகிய மெழுகுவர்த்தியைக் கொளுத்துவார்கள். பழைய மெழுகு வழிந்து இறுகிப் பாட்டிலின் கழுத்து தடித்திருக்கும். மேடை எவ்வளவு அகலமாக இருந்தாலும் மூவரும் நடுவில் நெருங்கி நிற்பார்கள். ஃபிரெட்டும் டூடியும் ஒருவரையொருவர் பார்த்தபடி பாடுவார்கள். சில பாட்டுகளில் டூடிதான் முன்னணிக் குரல். 'ஜானிஸ் காட் எ கன்' அப்படி ஒன்று. முடி நரைத்த, கன்னத்தில் குழுச் சின்னத்தைப் பச்சை குத்திக்கொண்ட ஒருவரும், அவருடைய பல ஆண்டு கால மனைவியும், பேரப்பிள்ளைகள் எடுக்கும் வயதில் இருபது வயதுக் கூட்டத்தின் முன் இப்படி நின்றது ராக் இசையில் அபூர்வக் காட்சி.

ராக் மேடையில் நடுவயதுப் பெண்ணுக்கு இடம் குறைவு. டூடி அந்த இடத்தைக் கேட்டு வாங்கவில்லை, எடுத்துக்கொண்டார். அவர் பங்கு மேடையோடு முடிவதில்லை. கடை வியாபாரம், குழுவின் வரவு செலவு, பயண ஏற்பாடு ஆகியவற்றில் அவர் உழைப்பு பெரியது. டெட் மூனை ஃபிரெட் கோலின் மேதைமையாக மட்டும் எழுதும் கட்டுரைகள் இந்த உழைப்பைக் காணாமல் விடுகின்றன. ஒரு குடும்பம் சேர்ந்து நடத்திய தொழில் அது. ஆண்ட்ரூ அந்தக் குடும்பத்தின் மூன்றாமவர்.

ஐரோப்பா போட்ட சோறு

டெட் மூனின் பெருங்கூட்டம் கடலுக்கு அப்பால் இருந்தது. ஜெர்மனியின் மியூசிக் மேனியாக் லேபிள் அவர்கள் ஆல்பங்களை ஐரோப்பாவில் வெளியிட்டது. 1990களில் அவர்கள் திரும்பத் திரும்ப ஐரோப்பா போனார்கள். 1997இல் வெளிவந்த நேரடி நிகழ்ச்சி ஆல்பம் ஸ்லோவேனியாவின் தலைநகர் லியூப்லியானாவில் பதிவானது. அமெரிக்காவில் சிறு மதுக்கூடங்களில் வாசித்தவர்கள், ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் நிறைந்த அரங்குகளைக் கண்டார்கள்.

ஐரோப்பியர்களுக்கு ரசனை கூடுதல் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. கட்டமைப்பைப் பார்ப்பதே சரி. நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில் உள்ள வேரா கிளப்பை எடுத்துக்கொள்வோம். 1899இல் மாணவர் சங்கமாகத் தோன்றிய அமைப்பு அது. இன்று தொண்டர்களின் உழைப்பிலும் நகராட்சி மானியத்திலும் இயங்குகிறது. புகழடைவதற்கு முன் யு2, நிர்வாணா போன்ற குழுக்கள் அங்கே வாசித்திருக்கின்றன. இத்தகைய கிளப்புகள் ஐரோப்பா நெடுகிலும் உண்டு. வரும் குழுவுக்குச் சூடான சாப்பாடு, படுக்கை, பேசிய தொகை என்பது அங்கே நடைமுறை. அமெரிக்க மதுக்கூடத்திலோ குழுவின் வருமானம் அன்றிரவு வாசலில் வசூலாகும் காசையும் பீர் விற்பனையையும் பொறுத்தது. மூன்று பேர், ஒரு வேன், விற்பதற்கு டிஷர்ட்டும் தட்டும் என்று செலவைச் சுருக்கிய குழுவுக்கு ஐரோப்பியக் கணக்கு கட்டுப்படியானது.

எனவே டெட் மூன் யாரையும் சாராமல் நின்றது என்று சொல்வது பாதி உண்மைதான். இசைத் தொழிலை அவர்கள் சாரவில்லை. ஜெர்மானியச் சிறு லேபிளையும், டச்சு நகராட்சியின் வரிப்பணத்தையும், ஊர் ஊராகச் சமைத்துப் போட்ட தொண்டர்களையும் சார்ந்தே நின்றார்கள். சுயாதீனக் கலைக்குப் பின்னால் எப்போதும் இப்படி ஒரு பொது விருந்தோம்பல் இருக்கிறது. அது இல்லாத ஊரில் எவ்வளவு பிடிவாதம் இருந்தாலும் பயனில்லை.

இரண்டு அலைகள்

போர்ட்லாந்திலிருந்து சியாட்டில் சுமார் 280 கிலோமீட்டர். 1991 செப்டம்பரில் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வந்த பிறகு பெரிய நிறுவனங்களின் ஆட்கள் காசோலைப் புத்தகத்தோடு வடமேற்கில் அலைந்தார்கள். கரகரத்த கிட்டார் ஒலி திடீரென்று தங்கமானது. டெட் மூன் அந்த அலையில் ஏறவில்லை. அப்போது ஃபிரெட்டுக்கு வயது 43. இளமையை விற்ற சந்தைக்கு அவர் முகம் பொருந்தவில்லை என்பது ஒரு பக்கம். 1968ஐ மறக்காதவருக்கு அந்தக் காசோலைமேல் ஆசை எழவில்லை என்பது மறுபக்கம். சியாட்டிலின் பேர்ல் ஜாம் பிற்பாடு தன் பெரிய அரங்குகளில் டெட் மூனின் 'இட்ஸ் ஓகே' பாடலைப் பலமுறை பாடியது. அதன் வழியாகவே பல்லாயிரம் பேர் முதன்முதலாக அந்த மெட்டைக் கேட்டார்கள்.

இரண்டாவது அலை 2001 வாக்கில் வந்தது. ஸ்ட்ரோக்ஸ், ஹைவ்ஸ், ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் போன்ற குழுக்கள் கேரேஜ் ராக்கைப் பத்திரிகை அட்டைக்குக் கொண்டுவந்தன. ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் ஜாக் ஒயிட் தொடங்கிய தேர்டு மேன் ரெக்கார்ட்ஸ் 2017இல் டெட்ராய்ட்டில் சொந்தத் தட்டு ஆலையையே திறந்தது. கிளாக்கமஸில் தேவைக்காகச் செய்த வேலை முப்பது ஆண்டுக்குள் மதிப்புமிக்க கைவினையாக மாறியிருந்தது. ஜாக் ஒயிட்டைக் குறைசொல்ல இதில் ஏதுமில்லை. ஆனால் வெற்றி கண்டபின் கருவிகளை வாங்குவதும், தோல்வி கண்டபின் வாங்குவதும் வேறு வேறு. கோல் தம்பதிக்குக் கருவிதான் பிழைப்பின் உத்தரவாதமாக இருந்தது.

முடிவும் விலையும்

2004இல் பத்தாவது ஸ்டூடியோ ஆல்பமான 'டெட் அஹெட்' வந்தது. அதே ஆண்டில் கேட் ஃபிக்ஸ், ஜேசன் சம்மர்ஸ் இருவரும் இயக்கிய 'அன்னோன் பாசேஜ்' ஆவணப்படமும் வந்தது. 2006இல் சியாட்டிலின் சப் பாப் நிறுவனம் 'எக்கோஸ் ஆஃப் தி பாஸ்ட்' என்ற இரட்டைக் குறுந்தகட்டுத் தொகுப்பை வெளியிட்டது. வெளி உலகம் திரும்பிப் பார்க்கத் தொடங்கிய அந்த நேரத்தில் குழு கலைந்தது. கடைசி நிகழ்ச்சி 2006 நவம்பரில், க்ரோனிங்கனின் வேரா கிளப்பில்.

ஃபிரெட்டும் டூடியும் ஓய்வெடுக்கவில்லை. 2007இல் கெல்லி ஹாலிபர்ட்டனை டிரம்ஸுக்குச் சேர்த்து 'பியர்ஸ்ட் ஆரோஸ்' என்ற குழுவைத் தொடங்கி அடுத்த ஏழு ஆண்டு பயணம் செய்தார்கள். 2014 தொடக்கத்தில் போர்ட்லாந்தின் கிரிஸ்டல் பால்ரூம் அரங்கின் நூற்றாண்டு விழாவுக்காக டெட் மூன் மீண்டும் சேர்ந்தது. அந்த ஆண்டே ஃபிரெட்டுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. தேறி வந்து மறுபடி மேடையேறினார். 2016 மார்ச் 8 அன்று புற்றுநோயால் ஆண்ட்ரூ இறந்தார். 2017 அக்டோபர் 5 அன்று போர்ட்லாந்து நகர நிர்வாகம் நகர மன்றத்திலேயே விழா எடுத்துக் குழுவைக் கௌரவித்தது. ஐந்து வாரம் கழித்து, நவம்பர் 9 அன்று, தனது 69ஆவது வயதில் ஃபிரெட் கோல் காலமானார். அது கோல் தம்பதியின் திருமணப் பொன்விழா ஆண்டு.

இந்த வாழ்வுக்கு விலையும் உண்டு. பல்லாண்டு உரத்த ஒலியில் ஃபிரெட்டின் காது கெட்டது. அமெரிக்காவில் அவர்கள் தட்டுகள் கிடைப்பது நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. 2010களில் போர்ட்லாந்தின் மிஸிஸிப்பி ரெக்கார்ட்ஸ் மறுபதிப்புகள் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறியது. சொந்தக் கையால் விநியோகிக்கும் குழு தன் கை எட்டும் தூரம் வரைதான் போக முடியும். இந்த எல்லையைப் பெருமையாகப் பேசுவதில் அர்த்தமில்லை. பெரிய நிறுவனத்தில் நல்ல ஒப்பந்தம் கிடைத்த கலைஞருக்குச் சென்று சேரும் கேட்பவர் கூட்டம் இவர்களுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொன்று: எந்தப் பாட்டை எப்போது, எந்தப் பெயரில், எந்த உறையில் வெளியிடுவது என்ற முடிவு ஒரு நாள்கூட அவர்கள் கையைவிட்டுப் போகவில்லை.

கணினியும் மைக்கும் இருந்தால் வீட்டிலிருந்தே பாட்டை உலகுக்கு அனுப்பிவிடலாம் என்பதால், சுயாதீன இசை எளிதாகிவிட்டது என்று இன்று சொல்லப்படுகிறது. வெளியிடுவது எளிதாகியிருக்கிறது. ஆனால் பாட்டு வாழும் தளம், அதைக் கேட்பவர் முன் கொண்டுபோய் நிறுத்தும் கணக்கீடு, வருமானத்தின் விகிதம் மூன்றும் வேறொருவர் கையில் இருக்கின்றன. 1968இல் ஃபிரெட் கோல் நின்ற இடத்துக்கும் இதற்கும் அதிகத் தொலைவில்லை. ஆகவே சொந்தமாக இயங்க விரும்பும் இளம் குழுக்கள் டெட் மூனிடம் கற்க வேண்டியது கறுப்பு உடையையும் கலகத் தோற்றத்தையும் அல்ல. பாட்டு தோற்கும் மாதத்தில் வீட்டு வாடகையை எது கட்டும், செய்யும் வேலையில் எந்தக் கட்டத்துக்கான கருவியைச் சொந்தமாக்கிக்கொள்ள முடியும், தங்கள் ஊரில் குழுக்களுக்கு மேடையும் சாப்பாடும் தரும் இடத்தை யார் உருவாக்குவது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை வைத்துக்கொண்டு தொடங்கட்டும். மூன்றாவது கேள்வி இசைக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. கேட்பவர்களாகிய நமக்கும், நம் நகராட்சிகளுக்கும் உரியது.